வேலம்பதியின் இறங்காத கைகள்

வேலம்பதி பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் ஏழாவது தீர்மானத்துக்காகத் தூக்கிய கைகள், தீர்மானம் நிறைவேறி, நன்றியுரை முடிந்து, எல்லோரும் எழுந்து நாட்டுப்பண் பாடிய பிறகும் இறங்கவில்லை. முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோருடைய கண்ணும் உறுப்பினர்களுக்குப் பரிசாகக் கொடுக்க மேடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தூக்குப்போசிகளின் மேல் இருந்தது. பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் போய் இடது கையை நீட்டினார்கள். போசி கொடுத்துக்கொண்டிருந்தவர், "நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கைல வாங்கறீங்களே, சோத்துக்கையை நீட்டுங்கய்யா" என்று சலித்துக்கொண்டே நிமிர்ந்தார். கொட்டகை முழுக்க வலது கைகள் மேலே நின்றுகொண்டிருந்தன.

அவர்கள் கை தூக்குகிற லட்சணத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். சங்கத்தின் செயலாளர் தேவராசன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, "தீர்மானம் எண்" என்று தொடங்குவார். அந்த எண் என்னவென்று அவர் வாயிலிருந்து வருவதற்குள் கைகள் மேலே போய்விடும். என்ன தீர்மானம், யாருக்கு நல்லது, யார் வயிற்றில் அடிப்பது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். தூக்கிய கைக்குக் கீழே வாய் பாட்டுக்குத் தேங்காய் விலையைப் பேசும், சோளத்தட்டு கிடைக்காததைப் பேசும், யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரிலிருந்து மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதைப் பேசும். தேவராசன் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றதும் கை இறங்கும், "தீர்மானம் எண்" என்றதும் மறுபடி ஏறும், வருடா வருடம் இதே கூத்து. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது சர்க்கார் கடை இல்லை, தலைவர் வீட்டுச் சொத்தும் இல்லை, பால் ஊற்றுகிற ஒவ்வொருவருக்கும் சொந்தமான சங்கம். பண்ணை நிறைய மாடு கட்டியிருந்தாலும் ஒரு ஓட்டு, ஒற்றை மாட்டை வேலியோரம் மேய்த்தாலும் ஒரு ஓட்டு. காடுகரையிலும் கோயிலிலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் கிடைக்காத அந்தச் சமத்துவம் இந்தத் தகரக் கொட்டகையில் மட்டும் கிடைத்தது. கிடைத்ததை இவர்கள் ஈ ஓட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு அநியாயமும் உண்டு. விடியும் முன்னால் எழுந்து சாணி அள்ளுகிறவள், காம்பைக் கழுவிக் கறக்கிறவள், கேனைத் தலையில் வைத்துக்கொண்டு சங்கத்தின் வாசலில் வரிசையில் நிற்கிறவள் எல்லாம் பெண்கள். உறுப்பினர் பட்டியலில் இருப்பதெல்லாம் ஆண்கள். கேட்டால், "ஊட்டுக்கு ஒருத்தர்தான் உறுப்பினரு, அது ஆம்பளதான இருக்கோணும்" என்பார்கள், ஏதோ மாடே அப்படிச் சொல்லிவிட்டது போல.

அப்படி வரிசையில் நிற்கிறவர்களில் ஒருத்தி பாவாயி. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு செவலைப் பசு. புருசன் சென்னியப்பன் மாரடைப்பில் போய்ப் பல வருடமாகியும் உறுப்பினர் பெயர் அவன் பெயராகவே இருந்தது. ஒவ்வொரு வருடமும் அவள் தேவராசனிடம் போய், "தம்பி, எம்பேருக்கு மாத்திக் குடுங்க" என்று கேட்பாள். "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாமுங்க அக்கா" என்பார் தேவராசன். அடுத்த கூட்டத்தில் செத்துப்போன சென்னியப்பன் வருகை தந்ததாக எழுதிக்கொள்வார்கள், எல்லாத் தீர்மானத்துக்கும் அவன் கை தூக்கியதாகவும் சேர்த்துக்கொள்வார்கள், உயிரோடு இருக்கிற பாவாயி மட்டும் வெளி கேட்டில் காத்திருந்து அவன் பெயருக்கு வந்த போசியை வாங்கிக்கொண்டு போவாள்.

வெளியே நின்றதில் ஒரு நன்மை இருந்தது. கேட்டுக்கு மேலேதான் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்தார்கள், பேச்சுத் துணைக்கும் அங்கே ஆள் கிடையாது, அதனால் ஏழாவது தீர்மானத்தை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் பாவாயிதான். சங்கத்தின் கட்டடம், பாலைக் குளிர வைக்கிற பெரிய தொட்டி, அவை நிற்கிற நிலம் எல்லாவற்றையும் ஒரு தனியார் பால் கம்பெனிக்கு நெடுங்காலக் குத்தகைக்கு விடுவது என்றிருந்தது. அந்தக் கம்பெனி தலைவர் பொங்கியண்ணனின் மச்சானுடையது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கம் வருவதற்கு முன்னால் இருந்த காலம் பாவாயிக்கு மறக்கவில்லை. வண்டியில் வந்த பால்காரன் நெளிந்த படியில்தான் அளப்பான், இஷ்டமிருந்தால் எடுப்பான், இல்லாவிட்டால் "இன்னிக்கு வேண்டாம்" என்று போய்விடுவான். அவன் வேண்டாம் என்ற நாளில் கறந்த பாலை வாய்க்காலில் ஊற்றிவிட்டு அவள் அழுதிருக்கிறாள். இப்போது மச்சான் கம்பெனி அதே "வேண்டாம்" என்ற சொல்லை இன்னும் பெரிய வண்டியில் கொண்டுவரும், ஒற்றை மாட்டுக்காரியின் பாலைத்தான் முதலில் தள்ளும், செவலையைச் சந்தைக்கு ஓட்டிப்போவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது. அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கையை எறக்குங்கய்யா! என்னன்னு கேட்டுப்போட்டுத் தூக்குங்கய்யா!" என்று கத்தினாள். "ஆருங்க அது, கூட்டம் நடக்கறப்ப சத்தம் போடறது?" என்று உள்ளேயிருந்து ஒருவர் அதட்டினார். அதட்டியவரின் கையும் மேலேதான் இருந்தது.

அன்றிலிருந்து வேலம்பதியில் உறுப்பினராக இருந்த ஒவ்வொரு ஆணும் வலது கையைத் தூக்கியபடி வாழத் தொடங்கினான், ஊரும் அதற்கேற்ப வாழத் தொடங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்தார். தையல்காரர் வலது தோளைப் பிரித்து, கையை மேல் நோக்கி வைத்துச் சட்டை தைக்கப் பழகினார். சாலையோரம் சும்மா நின்றவனைப் பார்த்தெல்லாம் பேருந்து நின்றது, ஓட்டுநர்கள் திட்டித் திட்டி ஓய்ந்து கடைசியில் யாருக்குமே நிற்காமல் போனார்கள். கோயில் பூசாரி இடது கையில் திருநீறு கொடுக்க மாட்டேன் என்று கொஞ்ச நாள் முறைத்தார், பிறகு அவரே நெற்றியில் பூசிவிட்டார். கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் வரிசையாக இடது கையால் சாப்பிட்டபோது வெளியூர்ச் சம்பந்திகள் முகம் சுளித்தார்கள், அடுத்த முகூர்த்தத்தில் அவர்களும் பேசாமல் பரிமாறினார்கள். விரித்த உள்ளங்கையில் காக்கை உட்கார்ந்தால் விரட்ட இன்னொரு கை வேண்டியிருந்தது. கட்சிக்காரர்கள் வேன் அனுப்பி இவர்களைப் பொதுக்கூட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள், எந்தத் தலைவர் எதைக் கேட்டாலும் முன்வரிசையில் இத்தனை கை மேலே நிற்பது படம் பிடிக்க நன்றாக இருந்ததாம். வேனிலிருந்து இறங்கி வந்தவர்கள் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள்.

அதிசயம் என்று வாயைப் பிளந்தவர் ஒருவருமில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவரும் இல்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால்தான் கை மாட்டியே இருக்காதே! வீட்டில் பெண்களுக்குத்தான் வேலை இரட்டிப்பானது. முன்பு கறந்து, கழுவி, சுமந்தவர்கள் இப்போது புருசனுக்குச் சட்டை மாட்டிவிட்டு, முதுகு தேய்த்துவிட்டு, அதற்குப் பிறகு கறந்து, கழுவி, சுமந்தார்கள்.

பொங்கியண்ணனின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவர் மேடையில் உட்கார்ந்து கை எண்ணுகிறவர், தூக்குகிறவர் இல்லையே. அவர் தொழுவத்தில் ஒரு மாடுகூடக் கிடையாது. தேர்தலுக்கு முன்னால் பக்கத்து ஊரில் பால் வாங்கித் தன் பெயரில் ஊற்றி உறுப்பினரான ஆசாமி அவர். ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபோது, இத்தனை கைகளும் தனக்காகவே காத்திருக்கின்றன என்பது அவருக்கு உறைத்தது. அங்கேயே தேவராசனைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். சங்க வளவிலிருக்கிற வேப்பமரங்களைத் தலைவர் வெட்டிக்கொள்வது என்று ஒரு தீர்மானம், ஏகமனதாக. தலைவர் போய்வரச் சங்கச் செலவில் ஜீப் வாங்குவது என்று இன்னொன்று, அதுவும் ஏகமனதாக. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பதறிப்போய், "தலைவருங்க, நாங்க ஒத்துக்கலீங்க, கைதான் எறங்க மாட்டீங்குது!" என்று கத்தினார்கள்.

பொங்கியண்ணன் டம்ளரைக் கீழே வைத்து, "வாயி சொல்றதெல்லாம் கணக்குல வராதுங். சங்க விதிப்படி கைதானுங் கணக்கு" என்றார். அவர்கள் இடது கையால் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். வேப்பமரங்கள் அன்று சாயங்காலமே விழுந்தன.

குத்தகைக்கு மட்டும் இன்னொரு கூட்டம் தேவைப்பட்டது. கூட்டுறவுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, தன் கண் முன்னால் உறுப்பினர்கள் ஆதரிப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாவி கைமாறும். ஆவணி கடைசியில் நாள் குறித்தார்கள். அந்த வாரத்தில் ஒரு காலை, சென்னியப்பனின் தம்பி நஞ்சப்பன், தூக்கிய கையோடு பாவாயியின் தொழுவத்துக்கு வந்து நின்றான். அவள் கறந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, நம்ம சங்கம் போகுதுங்க" என்றான். "வேண்டாம்னு சொல்லலாம்னா, வேண்டாங்கறவங்க கை தூக்குங்கன்னு அந்தத் தலைவன் கேக்கவே மாட்டானுங்க. வேணுங்கறவங்க தூக்குங்கன்னுதான் கேப்பான்."

பாவாயிக்கு வந்த கோபத்தில் செவலையே மிரண்டு காலை எடுத்து வைத்தது. "இப்ப வந்து அழுங்க! நான் கேட்டுல நின்னு தொண்டை கிழியக் கத்துனப்ப நீங்க ஆருகூட என்ன நாயம் பேசிட்டு இருந்தீங்க? மாடு நாங்க மேய்க்கோணும், பாலு நாங்க கறக்கோணும், வித்துப்போட்டு வாரதுக்கு மட்டும் உங்களுக்குக் கை வேணுமா?"

நஞ்சப்பன் கண்ணீரைத் துடைக்க, எல்லா வேலையும் செய்து ஓய்ந்த இடது கையைத் தூக்கப்போக, தோள் பிடித்துக்கொண்டது. பாவாயி எழுந்து, இந்த மனுசனை அறைவதா தேற்றுவதா என்று தெரியாமல், அவனுடைய வலது கையை இரண்டு கையாலும் பற்றி ஆத்திரத்தோடு கீழே இழுத்தாள். கை கனத்தது, முறுக்கியது, ஆனால் வந்தது. விட்டதும் விருட்டென்று மேலே போய்விட்டது. அவள் மறுபடி இழுத்துப் பிடித்தாள், மறுபடி விட்டாள், கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேனைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பால் ஊற்றும் வரிசையில் நிற்கிற பெண்களிடம் பேசப் போனாள்.

கூட்டத்தன்று மச்சான் பட்டு வேட்டியில் வந்திருந்தார். அதிகாரி வந்தார், மேடையில் உட்கார்ந்தார், கீழே நிற்கிற கைகளைப் பார்த்தார், பால் பண்ணைக்காரர்களுக்கு வருகிற நோய் ஏதோ ஒன்று என்று நினைத்திருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. தேவராசன் ஒலிபெருக்கியைத் தட்டினார். அந்த நேரத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். பாவாயி முன்னால் வந்தாள், பின்னாலேயே பாவாடை ஈரமும் சாணி வாசமுமாக வரிசை முழுவதும் வந்தது.

பொங்கியண்ணன் எழுந்து நின்றார். "இது உறுப்பினர் கூட்டமுங். உறுப்பினர் அல்லாதவங்க உள்ள வரப்படாது."

"நாங்க கூட்டத்துக்கு வரலீங்க" என்றாள் பாவாயி. "எங்க ஊட்டுக் கையை எடுத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க."

ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, தூக்கி நின்ற கையை இரண்டு கையாலும் பற்றினாள். கறந்து கறந்து உரமேறிய விரல்கள் அவை. முரட்டு எருமையைக் கட்டி இழுத்தவர்கள், நிறைந்த கேனைத் தலைக்கு ஏற்றி இறக்கியவர்கள், அந்தப் பலம் முழுவதையும் போட்டு இழுத்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் முனகின. ஆண்கள் "ஐயோ" என்றார்கள். ஒரு கை இறங்கியது, பக்கத்துக் கை இறங்கியது, வரிசை வரிசையாக இறங்கி மடியில் அழுந்தியது. பெண்கள் பிடியை விடவில்லை. பெண் துணை இல்லாதவர்களின் கையைப் பக்கத்து வீட்டுக்காரிகள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டார்கள், நஞ்சப்பனின் கையைப் பாவாயி பிடித்திருந்தாள்.

"நடத்துங்க" என்றார் அதிகாரி.

தேவராசன் ஒலிபெருக்கியை நெருங்கினார். "குத்தகைத் தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்கவும்." கொட்டகையில் ஒரு கையும் மேலே இல்லை. பொங்கியண்ணன் அவரை முறைத்தார். தேவராசன் பழக்க தோஷத்தில் தாளைப் புரட்டி, "ஆதரவு ஒன்று, சென்னியப்பன்" என்று படித்துவிட்டார்.

"அந்தக் கை மண்ணுக்குள்ள போயி எத்தனையோ வருசமாச்சுங்க" என்றாள் பாவாயி. அவள் கத்தவில்லை, ஆனால் கேட்டுக்கு வெளியே இருந்த ஆட்களுக்கும் கேட்டது. "எம்பட புருசன் கைங்க அது. நாங்க பொதைச்சுப்போட்டு வந்துட்டோம். நீங்கதான் இன்னும் தோண்டி எடுத்துத் தூக்கிப் புடிச்சுட்டு இருக்கறீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அவர் பேர்ல யாரும்மா பால் ஊத்தறது?"

"நானுங்க. இங்க நிக்கற பூராப் பேரும் அப்படித்தானுங்க, புருசன் உசுரோட இருக்கறவங்களும்."

அதிகாரி குத்தகைத் தீர்மானத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பட்டு வேட்டி மச்சான் ஜீப் இருக்கிற பக்கம் நகர்ந்தார். அப்போது நஞ்சப்பன் எழுந்தான். கை பாவாயியின் பிடியில் இருந்ததால் பாதி குனிந்தபடிதான் அவனால் நிற்க முடிந்தது. "நான் ஒரு தீர்மானம் கொண்டாரனுங்க. ஆரு பாலு கறந்து ஊத்தறாங்களோ அவங்கதானுங்க இனி உறுப்பினரு. மாடில்லாத ஆளு தலைவரா இருக்கப்படாதுங்க."

கொட்டகை கொந்தளித்தது. கைகளைப் பிடித்திருந்த பெண்களின் நடுவே புருசன்மார்கள், "அதெப்படி, நாங்க ஒத்துக்க மாட்டோம்!" என்று எகிறினார்கள். குத்தகைக்கு வாய் திறக்காத ஆட்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் வாய் முளைத்திருந்தது.

அதிகாரி நஞ்சப்பனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்ததாகச் சொல்கிறார்கள். "பேரவைதான் சங்கத்துல பெரிசு. ஆதரிக்கிற உறுப்பினர்கள் கை தூக்கலாம்."

"உடுங்க அம்மிணிகளா" என்றாள் பாவாயி.

பெண்கள் ஒரே நேரத்தில் பிடியை விட்டார்கள். அத்தனை கைகளும் விருட்டென்று மேலே போயின, தகரக் கூரைக்குக் கீழே காற்றே அடித்தது. கைக்குக் கீழே வாய்கள் வேண்டாம் வேண்டாம் என்று அலறிக்கொண்டிருந்தன. பாவாயி மேடையைத் திரும்பிப் பார்த்து, "வாயி சொல்றதெல்லாம் கணக்குல வராதுங்க. தலைவரு சொன்ன நாயந்தான்" என்றாள். தேவராசன் வேறு வழியில்லாமல், "ஏகமனதாக" என்று படித்தார்.

பழைய தீர்மானங்களை யாரும் நடுவில் நிறுத்திக் கேட்டதில்லை. அன்று அடுத்த தீர்மானத்துக்கு, புதுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது பற்றியது அது, தேவராசன் "தீர்மானம் எண்" என்று தொடங்கிப் பழக்கத்தில் நிறுத்தி, மேலே வரப்போகிற கைகளுக்காகக் காத்திருந்தார். புது உறுப்பினர்களாகி, நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

"படிங்க தம்பி" என்றாள் பாவாயி. "நாங்க கேட்டுட்டுத்தான் தூக்குவோம்."

தேவராசன் அத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு தீர்மானத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். நடுவில் பெண்கள் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்ன பிறகு மறுபடி கேட்டார்கள், சாயங்காலக் கறவை நேரம் நெருங்கி மாடுகள் ஊருக்குள்ளிருந்து கத்தத் தொடங்கின. கேட்டுக்கொண்டிருந்த ஆண்களின் கைகள், இழுப்பார் யாரும் இல்லாமலே, ஒன்று ஒன்றாகக் கனத்துக் கீழே வந்தன. கூட்டம் முடிந்து தூக்குப்போசி தேடும் வரை அதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

"ஆதரிக்கிறவங்க கை தூக்கவும்" என்றார் தேவராசன்.

பாவாயி பால் வாசம் போகாத தன் வலது கையைத் தூக்கினாள். தூக்கியவள் சட்டென்று பயந்துபோய் ஒரு தடவை இறக்கிப் பார்த்தாள். இறங்கியது. பிறகு மறுபடியும் தூக்கினாள்.